முள்ளம்பன்றியும் மலைப்பேச்சும் காக்கும் வாரியம்

நுணலும் தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சொன்னது ரெக்சினுக்கு அச்சடித்தாற்போலப் பொருந்தும். ஒரே ஒரு திருத்தம். நுணலைப் பாம்பு பிடித்தால் ஒரு வாயில் கதை முடிந்துவிடும். ரெக்சினைப் பிடித்தது ஒரு வாரியம். வாரியத்துக்குச் சட்டென்று விழுங்கத் தெரியாது.

ரெக்சின் என்பது ஊர் வைத்த பெயர். லாரி, பஸ் சீட்டுகளுக்கு ரெக்சின் துணியில் உறை தைப்பது அவர் தொழில். நெடுஞ்சாலை ஓரத்தில் பட்டறை, பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. நாலா திசையிலிருந்தும் லாரிகள் வந்து நிற்கும். சீட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு டிரைவர்கள் அங்கே கிடக்கிற கால் ஆடும் பெஞ்சில் உட்கார்ந்து கதையளப்பார்கள். ரெக்சின் கிழிந்த சீட்டுக்குள் பஞ்சைத் திணித்துக்கொண்டே அவர்கள் பேச்சைக் காதுக்குள் திணித்துக்கொள்வார். லாரி சாலையில் ஏறி மறைந்ததும் அந்த டிரைவரைப் போலவே பேசிக் காட்டுவார். பக்கத்துப் பங்க்சர் கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். இது இத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

மச்சினன் கல்யாண விருந்தில் யாரோ ஒரு புண்ணியவான் அவரை மேடையேற்றிக் கையில் மைக்கைக் கொடுத்தார். மைக்கைக் கண்டால் சும்மா கிடக்கிற நாக்கா அது? நாலு திசைக்காரர்கள் வேட்டைக்கறி தின்னும் அழகைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்.

மலைக்காரர் பேசுவது எதிர்மலைக்குக் கேட்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு சொல்லின் வாலையும் பிடித்து இழுப்பார். "முள்ளம்பன்றியாாா? கறியும் இருக்கூூ, பல்லுக் குத்தக் குச்சியும் இருக்கூூ, ஒரே பொட்டலத்துல ரெண்டும் வருதுடாாா!"

வறண்ட சமவெளிக்காரர் வாயைத் திறந்தால் ஈரம் போய்விடுமே என்று பாதிப் பேச்சை விழுங்கிவிடுவார். "உடும்பா... ம். தின்னேன். புடிச்சா விடாது. வயித்துக்குள்ள போயும் விடல. பசியே... ம்."

கடலோரத்தார் அலைச்சத்தத்தை மீறிப் பேசிப் பழகியவர், மடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம்கூடக் கத்துவார். "வௌவாலா! கடல்ல இருந்ததெல்லாம் தின்னாச்சு! கரையில இருந்ததும் தின்னாச்சு! இனி அண்ணாந்து பாக்க வேண்டியதுதான்!"

டவுன்காரர் மூக்கைச் சுளிப்பார். "சேச்சே, காட்டு மிருகமெல்லாம் நான் தொடுறதே இல்லைங்க. குழம்பு மட்டும் ஒரு கரண்டி ஊத்துங்க."

பந்தியே புரண்டு புரண்டு சிரித்தது. கைதட்டல் தலைக்கேறி, இறங்குவதற்கு முன் ரெக்சின் இன்னொரு வார்த்தையும் விட்டார். "சும்மா இல்ல, இது எல்லாத்தையும் தின்னு பார்த்துத்தான் சொல்றேன்!"

பச்சைப் பொய். வீட்டில் மீன் கழுவினாலே தெருமுனைக்குப் போய் நின்றுகொள்கிற மனிதர் அவர். ஆனால் மச்சினன் அந்தப் பேச்சை செல்போனில் பிடித்து நாலு பேருக்கு அனுப்பினான். அந்த நாலு பேர் ஊருக்கே அனுப்பினார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது என்பது இதைத்தான்.

ஒரு பகல் வேளையில் பட்டறை வாசலில் ஜீப் நின்றது. காக்கிச் சட்டை போட்ட இரண்டு பேர் இறங்கினார்கள். கையில் பெரிய வலை.

"நாலு பேச்சு பேசின ஆள் நீங்கதானே? ஓடாதீங்க. ஓடினா மயக்க ஊசி போடச் சொல்லி விதி இருக்கு."

"நான் ஓடலைங்களே. உட்கார்ந்துதானே தைக்கிறேன்?"

"அதான், ஓடறதுக்கு முன்னாடியே சொல்றோம்."

ரெக்சின் கையிலிருந்த ஊசி எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்தார்.

"ஏங்க, என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"பேசினேன்."

"அன்னிக்கே தலையில அடிச்சுக்கிட்டேன், இறங்குங்க இறங்குங்கன்னு! கேட்டீங்களா?" அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். "இவரைத் தனியா அனுப்ப மாட்டேன். என்ன வேணா பண்ணிக்கோங்க."

காக்கிச் சட்டைகள் இரண்டும் தனியே போய்க் கலந்து பேசின. "ஜோடியாக் கிடைச்சா நல்லதுதான்" என்று ஒருவர் சொன்னது ரெக்சின் காதில் விழுந்தது.

அந்த வாரியம் பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். அழிந்துவரும் விலங்குகளைக் காக்க ஓர் அலுவலகம் இருந்தது. அழிந்துவரும் பேச்சு வழக்குகளைக் காக்க இன்னோர் அலுவலகம் இருந்தது. இரண்டும் அழிந்துதானே வருகின்றன, எதற்கு இரண்டு கட்டடம், இரண்டு ஜீப் என்று மேலிடத்தில் யாரோ ஒரு கெட்டிக்காரர் கேட்டார். இரண்டையும் ஒன்றாக்கினார்கள். விதிப்புத்தகத்தையும் ஒன்றாக்கினார்கள். 'விலங்கு' என்று இருந்த இடத்திலெல்லாம் 'விலங்கு அல்லது பேச்சாளர்' என்று மாற்றினார்கள். மற்றபடி ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. ஒரே சாயங்காலத்தில் வேலை முடிந்துவிட்டது என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

முன்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சடைத்த முள்ளம்பன்றி நின்றது. பஞ்சு சரியாக அடைக்கப்படவில்லை, வயிற்றில் தையல் பிரிகிறது என்று அந்தப் பயத்திலும் ரெக்சின் கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்தில் இன்னொரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒன்றுமே இல்லை. 'அழிந்துபோன வழக்கு, தொடாதீர்கள்' என்று எழுதி, மேலே விளக்குப் போட்டிருந்தார்கள். மனைவி குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, "நல்லாத் துடைச்சு வெச்சிருக்காங்க" என்றார்.

உள்ளே ஓர் அறையில் இரண்டு மேஜைகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. ஒன்றில் விலங்குப் பிரிவு அதிகாரி. மேஜைக்கும் நாற்காலிக்கும் நடுவே தன் தொப்பையைச் சிரமப்பட்டு நிறுத்தியிருந்தார். இன்னொன்றில் பேச்சுப் பிரிவு மேடம்; கழுத்தில் ஒலிப்பதிவுக் கருவி தொங்கியது. சுவரில் கல்யாண விருந்துக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. தன் முகம் அத்தனை பெரிதாகப் பல்லைக் காட்டிச் சிரிப்பதைப் பார்த்து ரெக்சின் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எத்தனை?" என்றார் விலங்கு அதிகாரி.

"எது சார்?"

"முள்ளம்பன்றி. தின்னது."

"ஐயோ சார், ஒண்ணுகூட இல்லைங்க. சும்மா சிரிக்கறதுக்காகச் சொன்னது."

மேடம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "தின்னலையா? அப்ப அந்த மலைப்பேச்சு போலியா? 'மலைவழக்கு உயிரோட கிடைச்சிருக்கு'ன்னு இயக்குநர் பேட்டியே குடுத்துட்டார், தெரியுமா? அவர் பொய் சொன்னார்ங்கறீங்களா?"

"இல்லைங்க மேடம். உண்மைதாங்க. அசலுங்க."

"அசல்னா தின்னிருக்கீங்க" என்றார் விலங்கு அதிகாரி. "ஏழு வருஷம் ஜெயில்."

"இல்லைங்க சார், போலிங்க!"

"போலின்னா கள்ளவழக்கு வெச்சிருந்த குற்றம். அதுக்கும் ஏழு வருஷம். விதிப்புத்தகம் ஒண்ணாயிருச்சு பாருங்க. உங்க வசதிக்குத்தான்" என்றார் அவரே.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மனைவி முன்னால் வந்தார்.

"சார், நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க. இவரு கோழிய உயிரோட பார்த்தாலே ஒதுங்கிப் போற ஆளு. முள்ளம்பன்றியப் படத்துல பார்த்தாக்கூடக் கையை உள்ள இழுத்துக்குவாரு. வாய்தான் சார் நீளம். மத்தபடி ஒரு சுக்கும் கிடையாது."

"அம்மா, நீங்க ஜோடின்னு பதிவாயிருக்கீங்க" என்றார் விலங்கு அதிகாரி பொறுமையாக. "ஜோடி, இனப்பெருக்கப் பிரிவுல வரும். சாட்சிப் பிரிவுல வராது."

மனைவி வாயடைத்துப் போனார். கல்யாணமானதிலிருந்து அப்படி ஒரு காட்சியை ரெக்சின் பார்த்ததில்லை. வேறு சமயமாக இருந்தால் ரசித்திருப்பார்.

மேடம்தான் இரக்கப்பட்டார். "ஜெயிலுக்கு அனுப்பி வீணாக்க வேண்டாம் சார். நாலு வழக்கு ஒரே உடம்புல கிடைக்கறது அபூர்வம். காப்பகத்துல வெச்சுக்கலாம். வாங்க, காட்டறேன்."

ஒரு நீண்ட நடைவழியின் கடைசியில் கண்ணாடிச் சுவர் போட்ட அறை. உள்ளே ஒரு கட்டில். கட்டிலில் ஒரு மனிதர், கைகளை முழங்காலில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அசல் மலைக்காரர்" என்றார் மேடம் ரகசியக் குரலில். "சந்தையில வெங்காயம் வித்துட்டு இருந்தப்பப் பிடிச்சோம். அன்னிக்கு என்னமாப் பேசினார் தெரியுமா! ஒரு சொல்லை இழுத்தா சந்தையோட அந்த மூலை வரைக்கும் போகும்."

"ஏன் மேடம் தனியா இருக்காரு?"

"யாராவது பேசினா வழக்கு கலந்துருமே! டிவி கிடையாது, ரேடியோ கிடையாது. சாப்பாடு குடுக்கறவன்கூட வாயில துணி கட்டிட்டுத்தான் போவான். வீட்டு ஆளுங்க டவுனுக்குக் குடிவந்து பேச்சுக் கெட்டுப் போயிட்டாங்க, அதனால அவங்களையும் உள்ள விடறதில்ல."

"இப்ப எப்படிப் பேசறாரு?"

"பேசறதில்ல. உள்ள வந்ததிலேர்ந்து ஒரு வார்த்தைகூட வெளிய போகலை." மேடத்தின் முகம் பெற்ற தாயைப் போல மலர்ந்தது. "அவ்வளவு பத்திரமா இருக்கு."

மலைக்காரர் தலையைத் தூக்கி ரெக்சினைப் பார்த்தார். உதடு லேசாகப் பிரிந்தது. பிறகு, வேண்டாம் என்று நினைத்தவர்போல மூடிக்கொண்டார். இந்த மனிதர் பேசுவதுபோல மைக்கில் இழுத்து இழுத்துப் பேசித்தானே அவ்வளவு கைதட்டல் வாங்கினோம் என்று ரெக்சின் நினைத்தார். அவமானமாக இருந்தது. ஆனால் அவமானத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது, அதை மறைப்பானேன்.

அடுத்த அறைக்கு அப்போதுதான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஒரே கட்டில், ஒரே தலையணை, நாலு தட்டு.

"நாலு வழக்குக்கும் தனித்தனித் தட்டு" என்றார் மேடம். "யாருக்கும் குறை வைக்க மாட்டோம்."

ஜெயில் என்றாலாவது ஒருநாள் வீட்டுக்குப் போகலாம். வாரம் ஒருமுறை மனைவி வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று திட்டுவார். காது குளிரக் கேட்கலாம். இந்த அறைக்குள் போனால் அவரிடம் ஒரு வார்த்தை பேச முடியாது, அவர் பேசுவதும் கேட்காது, செத்த பிறகு வெறும் கண்ணாடிப் பெட்டியில் விளக்குப் போட்டு வைப்பார்கள். ரெக்சின் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இயக்குநர் ஒரு வார்த்தை சொல்லிட்டா உள்ள விட்டுரலாம்" என்றார் மேடம்.

இயக்குநர் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார். நீண்ட மேஜைகளில் அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, பெரிய பெரிய பாத்திரங்களிலிருந்து ஆவி பறந்தது. கறி வாடை ரெக்சினின் மூக்கில் ஏறி மூளையைத் தொட்டது. இயக்குநர் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, கனத்த குரல்.

"நண்பர்களே, நம்ம வாரியம் கைப்பற்றுற வேட்டைக்கறியில ஒரு துண்டுகூட வெளிய போனதா சரித்திரம் கிடையாது. கைப்பற்றினத அழிச்சே ஆகணும்னு விதி. எரிச்சா காத்து கெடுது. புதைச்சா மண்ணு கெடுது. இயற்கைய நேசிக்கிற நாம என்ன பண்றது? நம்ம சொந்த உடம்பையே இதுக்குக் குடுத்துட்டோம். எவ்வளவு அழிச்சிருக்கோம்னு நம்ம விலங்கு அதிகாரியப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும்."

விலங்கு அதிகாரி அடக்கமாகச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். கைதட்டல் எழுந்தது.

"நடுவுல வரத்து குறைஞ்சுது. வேட்டைக்காரங்க பயந்துபோய்க் காட்டுக்கே போறதில்ல. அதுக்காக நாம கையக் கட்டிட்டு உட்கார்ந்தோமா? ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நேர்ல போனோம். இப்படிப் பொறுப்பில்லாம சும்மா இருந்தீங்கன்னா நாங்க எதைப் பாதுகாக்கறதுன்னு கண்டிச்சோம். இப்ப நிலைமை சீராயிருக்கு. காட்டுல கடைசி முள்ளம்பன்றி இருக்கற வரைக்கும் வாரியம் ஓயாது!"

அப்புறம்தான் அவர் ரெக்சினைப் பார்த்தார். மேடம் விஷயத்தைச் சொன்னார்.

"தின்னவரா, தின்னாதவரா? இதுக்கா இவ்வளவு குழப்பம்?" என்று சிரித்தார் இயக்குநர். "ஒரு துண்டு வைங்க. தின்ன நாக்கு ருசி கண்டதும் அசல் பேச்சைத் தானாக் கக்கிடும்."

நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். முன்னால் ஒரு தட்டு. தட்டில் ஒரு துண்டு. இது கோழி என்று பிற்பாடு யாரும் வாதாடக் கூடாது என்பதற்காக அதன் மேல் ஒரு முள்ளையும் குத்தி வைத்திருந்தார்கள். மேடம் ஒலிப்பதிவுக் கருவியை அவர் வாயருகே நீட்டினார். கூடம் முழுவதும் மெல்லுவதை நிறுத்தியது.

"ம், தின்னுங்க" என்றார் இயக்குநர்.

ரெக்சின் துண்டை எடுத்தார். அது நழுவித் தட்டில் விழுந்தது. மறுபடி எடுத்தார். வாய்வரை கொண்டு போனார். துண்டு மறுபடி விழுந்தது.

"மலைப்பேச்சுல ஒரு வார்த்தை, போதும்" என்று மேடம் கெஞ்சினார்.

சரி, அதையாவது செய்து தொலைப்போம் என்று வாயைத் திறந்தார். இழுக்க வேண்டிய வால் கைக்கு அகப்படவில்லை. கடலோரத்தாரைத் தேடினார். சத்தம் எழும்பவில்லை. சமவெளிக்காரர் வரவில்லை, டவுன்காரரும் வரவில்லை. கடைசியில் அவருடைய சப்த நாடியும் ஒடுங்கிப்போய், அடியிலிருந்து ஏதோ ஒரு குரல் மட்டும் வந்தது.

"தப்புதாங்க சார். நீங்க சொன்னா சரிங்க சார். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார்."

மேடம் கருவியைக் காதில் வைத்துக் கேட்டார். திரும்பப் போட்டுக் கேட்டார். முகம் சிவந்தது.

"சார்! இது நாலுலயும் சேராது. இழுவை இல்ல, முழுங்கல் இல்ல, சத்தம் இல்ல. இது அஞ்சாவது வழக்கு! நம்ம பதிவுலயே இல்லாதது!"

கூடம் சலசலத்தது. இயக்குநர் கறித்துண்டைக் கீழே வைத்தார். "அஞ்சாவதா? இவர்தான் கடைசி ஆளா?"

"அப்படித்தான் தெரியுது சார். உடனே உள்ள விட்டுரணும். வெளிக்காத்து பட்டாலே ஆபத்து."

மனைவி "ஐயோ" என்று அலறினார். ரெக்சினுக்கு அந்த நாலு தட்டும் கண்முன் வந்தன. ஐந்தாவதும் வாங்குவார்கள் என்று தோன்றியது.

"இருங்க" என்றார் இயக்குநர். "கடைசி ஆள்தானான்னு விதிப்படி சோதிச்சுட்டு விடுங்க. நாளைக்கு யாரும் நம்மளக் கேள்வி கேட்கக் கூடாது."

மேடம் சுற்றிலும் பார்த்துவிட்டு, கதவோரம் நின்ற காவலாளியைக் கூப்பிட்டு, கருவியை நீட்டினார். "ஏன்ப்பா, வாசல்ல நிக்காம இங்க என்ன பண்ற?"

அங்கே நிற்கச் சொன்னதே மேடம்தான். காவலாளி ஒரு நொடி விழித்தார். "தப்புதாங்க மேடம். நீங்க சொன்னா சரிங்க மேடம்."

மேடத்தின் புருவம் ஏறியது. சமையல்காரரை அழைத்தார்கள். கறியில் ஏன் உப்பு இல்லை என்று கேட்டார்கள். உப்பு சரியாகத்தான் இருந்தது. "தப்புதாங்க சார்" என்றார் அவர். அவர் கடலோரத்துப் பிறவி. குரல் எறும்புக்கும் கேட்காது. "முள்ளம்பன்றிய யார் எண்ணி வெச்சது?" என்று இயக்குநர் சும்மா ஓர் அதட்டல் போட்டார். விலங்கு அதிகாரி தொப்பையோடு விருட்டென்று எழுந்து, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார்" என்றார்.

அப்போது இயக்குநரின் செல்போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் அவர் நாற்காலி பின்னால் சாய்ந்து விழும்படி எழுந்தார். வாயிலிருந்ததை மெல்லாமல் விழுங்கினார்.

"சார்... சரிங்க சார்... தப்புதாங்க சார்... நீங்க சொன்னா சரிங்க சார்... இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடறேங்க சார்... தொடைப்பகுதிதாங்க சார்..."

மேடத்தின் கருவி ஓடிக்கொண்டே இருந்தது. இயக்குநர் போனை வைத்ததும் மேடம் அதைப் போட்டுக் கேட்டார். மெல்ல மெல்ல அவர் முகம் வாடியது.

"சார், இது அழிஞ்சு வரலை" என்றார். "மலை, கடல், சமவெளி, டவுன், எல்லா எடத்துலயும் இருக்கு. மேல போகப் போக இன்னும் சுத்தமா இருக்கு. வளர்ந்துட்டுத்தான் வருது சார்."

இயக்குநர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "அப்ப இதுக்குப் பாதுகாப்பு எதுக்கு? தானாப் பெருகிக்கும். ஆளை விட்டுருங்க."

"பேட்டி குடுத்துட்டோமே சார், மலைவழக்கு கிடைச்சுதுன்னு?"

"பிடிச்ச எடத்துலயே திரும்ப விட்டாச்சுன்னு இன்னொரு பேட்டி குடுத்துக்கலாம். சோத்தைப் போடுங்கப்பா, ஆறுது."

வெளியே வந்து பஸ் பிடித்து, சன்னலோரத்து சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் மனைவிக்கு மூச்சே வந்தது. "அப்பாடா! வயித்துல பாலை வார்த்தாங்க" என்றார். பயம் இறங்க இறங்கச் சிரிப்பு ஏறியது. அந்தத் தொப்பையைச் சொல்லிச் சிரித்தார், வெறும் பெட்டிக்கு விளக்குப் போட்டதைச் சொல்லிச் சிரித்தார், போன் வந்ததும் நாற்காலி விழுந்ததைச் சொல்லிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ஏங்க, வீட்டுக்குப் போனதும் அந்த ஆளு மாதிரி ஒரு தடவை பேசிக் காட்டணும். ஆமா, இப்பவே சொல்லிட்டேன்."

"சரிங்க" என்றார் ரெக்சின்.

"ஐயோ, அச்சு அசல் அவனேதான்!" மனைவி அவர் தோளில் தட்டினார். "உங்க வாய்க்கு இந்த ஜென்மத்துல புத்தி வராது. சரி, பசிக்குதா? இறங்கி எங்கயாவது சாப்பிட்டுப் போலாமா?"

"நீங்க சொன்னா சரிங்க."

"போதும், போதும். கட்டின பொண்டாட்டிய நீங்க வாங்கன்னுட்டு! பஸ்ல எல்லாரும் பாக்கறாங்க" என்று சொல்லி அவர் கையில் செல்லமாகக் கிள்ளினார்.

ரெக்சின் சட்டென்று கையை உள்ளே இழுத்துக்கொண்டார். ஓடுகிற பஸ்ஸில் தட்டுத் தடுமாறி எழுந்து, தலையைக் குனிந்து நின்றார்.

"தப்புதாங்க" என்றார்.

மனைவியின் சிரிப்பு நின்றுவிட்டது. ரெக்சின் யாரைப் போலவும் பேசிக் காட்டவில்லை.